நைட்ரிக் ஆக்சைடு சிவப்பணுவை என்ன செய்கிறது? பீட்ரூட் பொடி வாங்குவதற்கு முன்

வாசகர் கேள்வி, மார்ச் 3, இரவு 8.50

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசம் பால் வெட்டியவர். இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, இருதயத்துக்கும் மருந்து சாப்பிடுகிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் பீட்ரூட் பொடி விற்கிறார். உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு ஊறுமாம், அது சிவப்பணுவைப் புதுசாக்குமாம், ரத்தம் நீர்த்து ஓடுமாம். எவ்வளவு அதிகம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லதாம். டப்பா 89 வெள்ளி. வாங்கலாமா அக்கா?

மார்ச் 3, இரவு 10.20

'நீர்த்து' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து வேறு. சிவப்பணுவைப் பற்றிப் பேசினால் பேச வேண்டியது அதன் நெகிழ்ச்சி.

அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருசம் வேலை பார்த்தேன். நான் பார்த்த சிவப்பணுக்கள் எல்லாம் கண்ணாடித் தகட்டில் காய்ந்து, சாயம் ஏறி, அசையாமல் கிடந்தவை. உடம்புக்குள் அது எப்படி வளைகிறது என்று யோசிக்கவே எனக்கு ரொம்ப வருசம் ஆனது. அதன் குறுக்களவு ஏழு எட்டு மைக்ரான். அது நுழைய வேண்டிய நுண்குழாய்களில் பல நாலைந்து மைக்ரான்தான். மண்ணீரலில் உள்ள இடுக்குகள் அதைவிடக் குறுகல், சுமார் ஒரு மைக்ரான். 120 நாள் ஆயுள் முழுவதும் மடங்கி, பிதுங்கி, அந்தப் பக்கம் போனதும் பழைய வடிவத்துக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வர முடியாமல் போனதை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இது புரியும். ரப்பர் பால் வடியும் மங்கின் (கிண்ணத்தின்) அடியில் உறைந்த பாலை உரித்து இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதே பால் மரத்தடியில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் விறைத்து வெடித்துவிடும். பால் அதேதான், குணம்தான் போய்விட்டது. இனிப்பு நீரில் சிவப்பணுவுக்கு வருவதும் ஏறக்குறைய இந்த விறைப்புதான்.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. பல் டாக்டர் முகர வைக்கும் சிரிப்பு வாயு இல்லை, அது நைட்ரஸ் ஆக்சைடு. நம் ரத்தக் குழாயின் உட்சுவர் இதைச் சொந்தமாகச் சுரக்கிறது. சுவரைச் சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரியும். இதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பணுவுக்கு இந்த வாயுவைச் செய்யத் தெரியாது, வந்தால் விழுங்கத்தான் தெரியும். மற்றது நாளைக்கு.

மார்ச் 4, காலை 6.40

தம்பி, அப்பா நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருக்கிறாரா? கேட்டுச் சொல்லுங்கள். பொடியைவிட இது முக்கியம்.

மார்ச் 4, இரவு 9.05

விழுங்குவது என்றேன் இல்லையா, அதைச் சொல்கிறேன். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜன் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினை நைட்ரிக் ஆக்சைடு தொட்டால் நொடியில் ஒரு சிறு பங்குகூட ஆகாது, அது நைட்ரேட்டாக மாறிவிடும். ஹீமோகுளோபினும் சும்மா இருக்காது, பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். மெத்ஹீமோகுளோபின் என்பது அதன் பெயர். அதனால் ஆக்சிஜன் சுமக்க முடியாது. நம் எல்லோருக்கும் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இது எப்போதும் உண்டு. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி உடனுக்குடன் சரிசெய்துவிடுவதால் தெரிவதில்லை. கைக்குழந்தைகளுக்கு அந்த நொதி போதாது.

அதை என் கையால் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும். இரண்டு மாதக் குழந்தை, உதடும் நகமும் நீலம். நெஞ்சில் சளி இல்லை, இருதயத்திலும் கோளாறு இல்லை. ஊசியில் எடுத்த ரத்தம் கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. எங்கள் பெரியவர் ஒரு வடிதாளை எடுத்து அதில் குழந்தையின் ரத்தம் ஒரு சொட்டும், பக்கத்தில் என் விரலைக் குத்தி ஒரு சொட்டும் விட்டு, விசிறச் சொன்னார். என் சொட்டு காற்றுப் பட்டுச் செக்கச்செவேலென்று ஆனது. குழந்தையின் சொட்டு அப்படியே பழுப்பாகக் கிடந்தது. டாக்டர் மெத்திலீன் புளூ போட்டார். நீல மருந்தை ஏற்றி நீலக் குழந்தையை மீட்பது அப்போது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு மணி நேரத்துக்குள் உதட்டில் ரோஜா நிறம் வந்துவிட்டது.

உரம் போட்ட மேட்டுக்குக் கீழே இருந்த கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கலக்கியிருக்கிறார்கள். தண்ணீரில் நைட்ரேட். குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நல்லா கொதிக்க வச்சுதானே கொடுத்தேன்." கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றினால் இன்னும் செறிவாகும். அவர் எவ்வளவு கவனமாகக் கொதிக்க வைத்தாரோ அவ்வளவு கெட்டதாக அது முடிந்தது. 'அதிகம் சாப்பிட்டால் அதிகம் நல்லது' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வடிதாள்தான் கண் முன்னால் வரும்.

மார்ச் 4, இரவு 9.50

விட்டுப்போனது ஒன்று. சிவப்பணு இவ்வளவு வேகமாக விழுங்கினால் குழாய்ச் சுவருக்கு எப்படி மிஞ்சுகிறது? ஓடும்போது சிவப்பணுக்கள் குழாயின் நடுவே கூடிப் போகின்றன, சுவரை ஒட்டி அணு இல்லாத வெறும் திரவம், அதாவது பிளாஸ்மா, மெல்லிய பட்டையாக ஓடுகிறது. அந்த இடைவெளியும் அணுவின் தோலும் நைட்ரிக் ஆக்சைடைக் காப்பாற்றுகின்றன. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டினால் காவல் போய்விடும். அப்போது விழுங்கும் வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு கூடுகிறது, ஆயிரம் மடங்கு வரை சொல்கிறார்கள். குழாய் சுருங்குகிறது. சிவப்பணு அரிவாள்போல வளைந்து எளிதில் உடையும் அரிவாளணு நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி நடப்பதை 2002இல் காட்டினார்கள். பை ஒன்றுதான், உள்ளே இருப்பதும் ஒன்றுதான். பை கிழிந்தால் கதையே வேறு.

மார்ச் 5, மதியம் 1.15

முந்தாநாள் நான் எழுதியதில் ஒரு தவறு. 'சிவப்பணுவுக்கு இந்த வாயுவைச் செய்யத் தெரியாது' என்றேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: உட்கரு இல்லாத வெறும் பை, ஹீமோகுளோபின் மூட்டை. அது பழைய பாடம். குழாய்ச் சுவரில் இருக்கும் அதே வகை நொதி சிவப்பணுவிலும் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்று 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேற்று இரவு தூக்கம் வராமல் இதைத் தேடிப் படித்தேன். முப்பது வருசம் பார்த்த அணுவைப் பற்றி எனக்கே தெரியாதது இவ்வளவு இருக்கிறது.

அதன் பொருள் இதுதான். அந்த நொதியை மருந்தால் தடுத்தால் சிவப்பணு விறைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு விடும் பொருளைக் கொஞ்சமாகச் சேர்த்தால் மறுபடி நெகிழ்கிறது. கூடுதலாகச் சேர்த்தால் மீண்டும் விறைப்பு, பழுப்பு. சிவப்பணுவின் தோலுக்கு உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலைபோல விரிந்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அந்தப் புரதத்தில் சில இடங்களில் ஒட்டிக்கொள்வதால் வலை இளகுகிறது என்பது 2013இல் வந்த விளக்கம்.

அப்பாவுக்கு உபயோகப்படுவது இனிமேல்தான். சிவப்பணுவில் இருக்கும் அந்த நொதியைத் தட்டி எழுப்புவது ரத்த ஓட்டத்தின் உராய்வு. ரத்தம் வேகமாக ஓடினால், குழாயில் உரசினால், நொதி விழித்துக்கொள்கிறது. நடந்தால் போதும். மூன்று மணிக்கு எழுந்து, பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மேடும் பள்ளமுமாக நானூறு ஐந்நூறு மரம் வெட்டிய மனிதர் இன்று தாமான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்பி நடக்கவிடுங்கள், டாக்டரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு.

மார்ச் 5, மதியம் 1.40

சீனியையும் சொல்லாமல் விட முடியாது. கிளினிக்கில் மூன்று மாதச் சீனி என்று ஒரு அளவு பார்க்கிறார்களே, அது சிவப்பணுவில் ஒட்டிய சீனிதான். 120 நாள் வாழ்வதால் அத்தனை நாள் கணக்கும் அதில் பதிந்திருக்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டும் சீனி அணுவின் தோலிலும் ஒட்டுகிறது. விறைத்த அணு கால் விரலின் நுண்குழாயில் தட்டுத்தடுமாறி நுழைகிறது. கால் புண் ஆறாமல் போவதற்கு இது ஒன்றே காரணம் அல்ல, ஆனால் இதுவும் ஒரு காரணம். நல்ல சேதி: பழைய அணு போய்ப் புது அணு வந்துகொண்டே இருக்கிறது. இன்று சீனியைப் பிடித்தால் நாலு மாதத்தில் அப்பாவின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய முழுக்கப் புது அணுக்கள். 'சிவப்பணு புதுசாகும்' என்று அந்த வியாபாரி சொன்னது நடக்கும், அவருடைய டப்பா இல்லாமலே.

மார்ச் 6, இரவு 8.30

தம்பி பதில் போட்டிருக்கிறார்: "ஆமா அக்கா, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் சின்ன மாத்திரை. அம்மா அதைப் பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் கிழமை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்."

அதைப் புட்டிக்குத் திருப்பிப் போடச் சொல்லாதீர்கள், இன்றைக்கே புதுப் புட்டி வாங்கி வாருங்கள். அந்த மாத்திரை நைட்ரோகிளிசரின். காற்றுப் பட்டால் ஆவியாகும், பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிக்கொள்ளும். வலி வரும் நேரத்தில் வெறும் மாவுதான் நாக்கில் இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே நடந்தது. அப்பா வேட்டி மடிப்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் மாத்திரையைச் சுருட்டி வைத்திருப்பார். ஒரு நாள் கோயில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஒன்று வைத்தார், கேட்கவில்லை, இன்னொன்று வைத்தார், அதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைதான் கேட்டது. அதுவரை அம்மாவும் நானும் மாத்திரை சரியில்லை, டாக்டர் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். வைத்த இடம்தான் சரியில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மகள் வீட்டில் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

அந்த மாத்திரை உடம்பில் விடுவது இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான். டைனமைட் செய்த அதே பொருள். ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சு வலிக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்களுக்கு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் தலை வெடிக்கும், தலைக்குள் குழாய்கள் விரிவதால். என் அப்பாவுக்கும் மாத்திரை வைத்ததும் தலை வலிக்கும். அதை வைத்துத்தான் மாத்திரையில் சத்து இருக்கிறது என்று பிறகு நாங்கள் தெரிந்துகொண்டோம்.

மார்ச் 6, இரவு 8.55

இதைத் தனியாகப் போடுகிறேன், யாரும் தாண்டிப் போகக் கூடாது. நைட்ரோகிளிசரின் வைத்திருப்பவர் ஆண்மைக்கு என்று விற்கும் கோப்பிப் பொட்டலம் எதையும் தொடக் கூடாது. நம் நாட்டில் அப்படி விற்ற கோப்பிகளில் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மருந்து கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பொட்டலத்தில் மூலிகை என்று மட்டும் போட்டிருக்கும். நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிக்கக் கொடுக்கும் உத்தரவை அந்த மருந்து அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். நம் ஆண்கள் இதை வீட்டில் சொல்ல மாட்டார்கள். மகன் அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படுவான். கூச்சத்தைப் பார்க்காமல் கேளுங்கள்.

மார்ச் 8, இரவு 10.10

இன்னொருவர் கேட்கிறார்: ரத்த வங்கியில் பழைய ரத்தம் ஏற்றினால் ஆபத்தா? அதில் நைட்ரிக் ஆக்சைடு இருக்காதாமே?

நானும் அப்படித்தான் நம்பினேன். ரத்தப் பையை இரண்டிலிருந்து ஆறு டிகிரியில் வைக்கிறோம், கலந்திருக்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை. நாள் ஆக ஆக அணு நெகிழ்ச்சி இழக்கும், சில உடையும், பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும். பையைத் தூக்கி விளக்கில் பார்த்தாலே தெரியும். உடைந்த ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கும் என்பதும் மேலே சொன்னதுதான். ஆகவே பழைய ரத்தம் கெடுதல் என்று முடிவு கட்டியிருந்தேன். 2015, 2016இல் பெரிய சோதனைகள் வந்தன. புது ரத்தம் ஏற்றியவர்களும் வழக்கமான ரத்தம் ஏற்றியவர்களும் ஒரே மாதிரிதான் பிழைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அணு விறைப்பது உண்மை, நோயாளிக்கு அதனால் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. பையில் தேதி இருக்கும்வரை தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 9, மாலை 5.30

இப்போது பீட்ரூட். வியாபாரி முழுப் பொய் சொல்லவில்லை. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் நைட்ரேட் நிறைய. அதில் கால்வாசி உமிழ்நீருக்கு வருகிறது. நாக்கின் பின்பக்கம் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்குகின்றன. விழுங்கினால் ரத்தத்துக்குப் போகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட சிவப்பணு அந்த நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்ய முடியும் என்று 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். விழுங்கும் அதே ஹீமோகுளோபின் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கொடுக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது மெய் சிலிர்த்தது. அந்தக் குழந்தையின் ரத்தத்தைக் கெடுத்ததும் நைட்ரைட்தான், இங்கே குழாயைத் திறப்பதும் நைட்ரைட்தான். அளவும் ஆளும்தான் வேறு.

பீட்ரூட் சாறு தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் நாலைந்து புள்ளி இறங்கும், அதற்கு ஆதாரம் உண்டு. சிவப்பணுவைப் புதுசாக்கும் வேலை எலும்பு மஜ்ஜையுடையது, அதற்கு இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் பி12உம் வேண்டும். கிருமிநாசினி வாய்க்கழுவியால் தினமும் கொப்பளித்தால் நாக்கு நுண்ணுயிர் செத்து இந்த வழியே அடைபடும். முளைக்கீரைக் கட்டு மார்க்கெட்டில் இரண்டு வெள்ளி. 89 வெள்ளிக்கு எத்தனை கட்டு என்று அம்மாவே கணக்குப் போடுவார்.

மார்ச் 9, மாலை 6.05

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் எப்படி? இனிப்பு நீர் என்றதும் முதலில் கேட்டிருக்க வேண்டியது. என் கொழுந்தன் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். யாரோ சொன்னார்கள் என்று காலையில் ஒரு பெரிய குவளை பீட்ரூட் சாறு குடித்து வந்தார். இருதயத்துக்கு நல்லது என்று நாங்களும் சும்மா இருந்தோம். பத்து நாளில் கால் துவண்டு, படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் 6.4, ஆபத்தான அளவு. பீட்ரூட்டில் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இருதயத் துடிப்பையே அது நிறுத்திவிடும். அன்றிரவே மறுபடி இயந்திரத்தில் போட்டார்கள். கீரைக்கும் இதே எச்சரிக்கை. அப்பாவின் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக் கிரியாட்டினின் என்ற வரியைப் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது.

மார்ச் 12, இரவு 9.20

விறைப்பு என்றாலே கெட்டது என்று நான் எழுதிக்கொண்டே போனது மனதை உறுத்துகிறது. சுங்கை சிப்புட்டுக்கு மேலே காட்டுப்பக்கத்திலிருந்து வரும் பூர்வகுடி மக்களின் ரத்தத் தகடுகளில் முட்டை வடிவச் சிவப்பணுக்களைப் பார்த்திருக்கிறேன், நடுவில் குறுக்கே ஒரு கோடு, சிலவற்றில் இரண்டு. தென்கிழக்காசிய முட்டையணு நிலை என்பார்கள். தோலில் உள்ள ஒரு புரதத்தில் ஒன்பது அமினோ அமிலம் பிறவியிலேயே குறைவு. அந்த அணு சாதாரண அணுவைவிட ரொம்ப விறைப்பு. ஆனால் அந்த மக்கள் நன்றாக இருக்கிறார்கள். மூளையைத் தாக்கும் மலேரியா அவர்களை எளிதில் கொல்வதில்லை.

நம் முன்னோருக்கு அந்தக் காவல் கிடையாது. கிள்ளானில் 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கத் தொடங்கினார். அதற்கு முன்னும் பின்னும் புதுத் தோட்டங்களில் காடு வெட்டிய தமிழர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் போனார்கள். மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு விறைத்துக் குழாய்ச் சுவரில் ஒட்டும், பிறகு வெடிக்கும். வெடித்துக் கொட்டும் ஹீமோகுளோபின் இருக்கிற நைட்ரிக் ஆக்சைடையும் குடித்துவிடும். கடும் மலேரியாக் குழந்தைகளுக்கு அது குறைந்திருப்பதை 1996இல் தான்சானியாவில் அளந்தார்கள். என் பாட்டியின் மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் 'குளிர் காய்ச்சல்' என்று லயத்திலேயே போனவர்கள். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது பாட்டிக்குத் தெரியாது, எனக்கும் இவ்வளவு நாள் தோன்றவில்லை.

மார்ச் 14, இரவு 8.15

தம்பி தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், பெயரை மறைத்துவிட்டு. கிரியாட்டினின் வரம்பைத் தாண்டியிருக்கிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பொடி வேண்டாம், சாறும் வேண்டாம். கீரை எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் உணவு ஆலோசகரைக் கேளுங்கள். இதற்கு மேல் நான் சொல்வது முறையில்லை.

மார்ச் 14, இரவு 10.40

புதுப் புட்டி வாங்கிவிட்டீர்கள் என்று பார்த்தேன், சந்தோஷம். திறந்த தேதியை அதன் மேலே எழுதி ஒட்டுங்கள், எட்டு வாரத்தில் மாற்ற வேண்டும். உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம், பஞ்சும் மருந்தை உறிஞ்சும். நடக்கப் போகும்போது புட்டியோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வேட்டி மடிப்பில் வேண்டாம்.